பிறர் மதிப்பும் தன் அடையாளமும்: கிறிஸ்தவ நோக்கில் ஒரு சிந்தனை

"நீ யார்?" என்னும் வினா மிகச் சிறியது. ஆயினும் மனிதன் தன் வாழ்நாள் முழுவதும் விடை தேடி அலையும் வினா அதுவே. எம்மூரிலே புதிதாக ஒருவரைக் கண்டால் இவ்வினாவை நேராகக் கேட்பாரில்லை. "எந்த ஊர்?", "ஆற்றை மகன்?", "எங்கை படிச்சனீர்?", "இப்ப என்ன செய்யிறீர்?" என்று அதனை நான்காகப் பிரித்துக் கேட்பர். நான்குக்கும் விடை கிடைத்ததும் கேட்டவர் அமைதியடைந்து விடுவார். எம்மை எந்த இடத்தில் வைப்பது, எவ்வளவு மதிப்பது என்பன அவருக்குத் தெரிந்துவிட்டன. ஆனால் விடை கூறியவன் தன்னைப் பற்றி உண்மையில் எதனையும் கூறவில்லை. தன் ஊரையும் தந்தையையும் கல்லூரியையும் தொழிலையும் கூறினான். அவற்றைக் கழித்துவிட்டால் எஞ்சுவது யாது என்று அவனை எவரும் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவ்வாறு கழித்த பின் எஞ்சுவது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். மனிதன் தன் அடையாளத்தைப் பிறர் தரும் மதிப்பிலிருந்து பெறுகின்றானா, அன்றி அதற்கு அப்பாலுள்ள ஒன்றிலிருந்து பெற இயலுமா என்பதனைக் கிறிஸ்தவ விசுவாசத்தின் நோக்கில் நின்று ஆராய்வதே எனது முயற்சி. கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களே இவ்விதழின் வாசகரிற் பெரும்பாலோர். அவர்களை மதம் மாற்றும் நோக்கம் எனக்கில்லை. இவ்வினா எல்லோர்க்கும் பொதுவானது. யான் அறிந்த வழியால் அதனை அணுகுகின்றேன் என்பதே இதன் பொருள்.

முதலிற் பிறர் மதிப்பு இழிவானதன்று என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். குழந்தை தாயின் முகத்தைப் பார்த்தே தன்னை அறியத் தொடங்குகிறது. ஆசிரியன் தலையசைத்தாலன்றி மாணவன் தன் அறிவை நம்புவதில்லை. எமது பழைய இலக்கியம் புகழைப் பழித்ததுமில்லை. சங்கச் சான்றோர் புகழின் பொருட்டு உயிரையும் கொடுத்தவரைப் பாடினர். திருக்குறள் புகழுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்து, அதனை இல்லறவியலின் இறுதியில் நிறுத்தியது. ஆனால் அவ்வதிகாரத்துக்கு முன் நிற்பது ஈகை என்னும் அதிகாரம் என்பது கருத்திற் கொள்ளத்தக்கது. வள்ளுவர் காட்டும் புகழ் கொடுத்தவனைத் தேடி வருவது. நாம் இன்று பெரும்பாலும் நாடுவதோ, எதனையும் கொடாமலே பெறத்தக்க புகழை. அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்திலேதான் எமது சிக்கல் தொடங்குகிறது.

இச்சிக்கலை மேலைநாட்டுச் சிந்தனையாளர் சிலர் நுணுகி நோக்கியுள்ளனர். மனிதரிடையேயுள்ள ஏற்றத்தாழ்வு பற்றி 1755ஆம் ஆண்டில் எழுதிய ரூசோ, தன்னைக் காத்துக்கொள்ள விழையும் இயல்பான தற்பற்றையும், பிறரோடு தன்னை ஒப்பிட்டு அவர் கண்ணில் உயர விழையும் தற்பெருமையையும் பிரித்துக் காட்டினார். முன்னையது பசி போன்றது. நிறைவு கண்டால் அடங்கும். பின்னையதற்கு நிறைவேயில்லை, ஏனெனில் ஒருவன் உயர்வதற்கு மற்றொருவன் தாழ்தல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டிற் சார்த்தர் 1943இல் வெளியிட்ட தமது பெருநூலிற் பிறரது பார்வை என்பதனை ஒரு தத்துவப் பொருளாகவே ஆராய்ந்தார். மற்றொருவன் என்னைப் பார்க்கின்றான் என உணர்ந்த கணத்திலேயே யான் எனக்கு ஒரு பொருளாகி விடுகின்றேன். என்னைப் பற்றிய தீர்ப்பு என் கையை விட்டு அவன் கைக்குச் சென்றுவிடுகிறது என்பது அவர் கருத்தின் சாரம்.

இவ்விரு சிந்தனைகளிலிருந்தும் பிறர் மதிப்பின் மேல் எழுப்பப்படும் அடையாளத்தின் இரு குறைகள் புலனாகின்றன. ஒன்று, அது ஒப்பீட்டினால் ஆனது. ஆகவே ஒருவனது வெற்றி இன்னொருவனது தோல்வியைத் தனக்கு உணவாகக் கொள்கிறது. மற்றது, அது திருப்பிப் பெறத்தக்கது. இன்று தந்தவர் நாளை எடுத்துக்கொள்வர். பல்கலைக்கழக மாணவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி தசமத்தின் நான்காம் தானம் வரை கணிக்கப்படுகிறது. அத்தசமத் தானங்களுள் ஒன்றில் ஏற்படும் வேறுபாடு ஒருவனை ஊரின் பெருமையாகவும் அவன் அயல்வீட்டுத் தோழனை ஊரின் மௌனமாகவும் ஆக்கிவிட வல்லது.

இங்கே என் அனுபவம் ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகின்றேன். எனக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த ஆண்டில், யான் பிறந்து வளர்ந்த திருச்சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அனுமதி பெற்ற மூவரை முன்னே அழைத்து மாலையிட்டனர். மருத்துவ பீடத்துக்குத் தெரிவானவருக்கு முதல் மாலை. பொறியியற் பீடத்துக்கு இரண்டாவது. கலைப்பீடத்துக்குத் தெரிவான எனக்கு மூன்றாவது. வரிசையை எவரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். அது தானாகவே அமைந்தது. யான் மூன்றாவதாக நின்றதை எண்ணிச் சற்றே மனம் வாடினேன். பின்னர் வெளியே வந்தபோது ஒரு முதியவர் "கலைப்பீடமோ?" என்று கேட்டார். அந்த ஓகாரம் எத்தனையோ நாள் என் காதில் ஒலித்தது.

ஆனால் யான் கூற வந்தது அதுவன்று. என்னோடு ஓய்வுநாட் பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பன் ஒருவன் அன்று பின்வரிசையில் இருந்தான். அவன் இரண்டாம் முறையும் தேறவில்லை. யான் மாலையோடு நின்றபோது அவனை ஒரு முறை பார்த்தேன், பின்னர் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பின்னர் அவன் வருவதேயில்லை. யானும் காரணம் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். கடவுள் முன் எல்லோரும் ஒன்று எனப் பாடிய அதே மண்டபத்தில், பாடி முடிந்த சில நிமிடங்களுள், நாம் வேறொரு பட்டியலை வாசித்தோம். அந்தப் பட்டியலில் என் பெயர் இருந்தமையால் எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை. அடையாளம் பற்றிய வினா எனக்கு நூல்களிலிருந்து எழுந்ததன்று. அந்த வெறுமையான வாங்கிலிருந்தே எழுந்தது.

இவ்வினாவைச் சுவிசேஷங்களிடம் கொண்டு சென்றால் அவை முதலிற் காட்டுவது யோர்தான் ஆற்றங்கரையை. இயேசு திருமுழுக்குப் பெற்றுக் கரையேறுகையில், அவர் தமக்கு மிகவும் பிரியமான மைந்தர் என்று வானிலிருந்து எழுந்த குரல் அறிவித்ததாக மத்தேயு எழுதுகிறார். இந்நிகழ்ச்சி வைக்கப்பட்டுள்ள இடமே முக்கியமானது. அதுவரை அவர் ஒரு நோயாளியையும் குணமாக்கவில்லை. ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. ஒரு சீடரையும் சேர்க்கவில்லை. நாசரேத்திலே தச்சுத் தொழில் செய்த குடும்பத்தவர் என்பதன்றி ஊரார் அவரைப் பற்றி அறிந்தது வேறெதுவுமில்லை. செயல் முந்திப் பெயர் பிந்துவது உலக வழக்கு. இங்கோ பெயர் முந்துகிறது. செயல் அதன் பின் வருகிறது.

உடனே தொடர்வது பாலைநிலத்துச் சோதனை. அங்கே சோதிப்பவன் கேட்பது அப்பெயருக்குச் சான்றையே. நீர் மைந்தரானால் கற்களை அப்பமாக்கிக் காட்டும். நீர் மைந்தரானால் ஆலயத்தின் உச்சியிலிருந்து குதித்துக் காட்டும் என்ற முறையில் அவன் பேச்சு அமைகிறது. மூன்றாவதாக உலக அரசுகளின் மகிமை முழுவதையும் விலையாகக் காட்டுகிறான். திறமையைக் காட்டு, மக்கள் வியக்கும்படி செய், அதிகாரத்தைப் பெறு என்பனவே அம்மூன்றும். இன்றும் ஓர் இளைஞன் காதில் விழும் அறிவுரைகள் இவற்றினும் அதிகம் வேறுபட்டனவல்ல. இயேசு மூன்றனையும் மறுத்தார். தரப்பட்ட பெயரை மீண்டும் சம்பாதிக்க வேண்டிய தேவை தமக்கு இல்லை என்பதே அம்மறுப்பின் உட்பொருள். கிறிஸ்தவ விசுவாசம் கூறும் அடையாளத்தின் முதல் இலக்கணம் இதிலே பெறப்படுகிறது: அது கொடை, கூலியன்று.

இதற்கு மறுதலையான காட்சியொன்றை யோவான் தம் சுவிசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரத்திற் காட்டுகிறார். இயேசுவைப் பிடிக்க வந்தவர்கள் அவரைத் தேடியபோது, தேடப்படுபவர் தாமே என்று அவர் முன்வந்து கூறுகிறார். அதே இரவில், குளிருக்காக மூட்டிய கரிநெருப்பின் அருகில் நிற்கும் பேதுருவிடம், நீரும் அவருடைய சீடருள் ஒருவரன்றோ என்று கேட்கின்றனர். அவர் அல்லேன் என்கிறார். முதலிற் கேட்டவள் ஒரு வாயில் காக்கும் பணிப்பெண்; அரசனுமல்லள், நீதிபதியுமல்லள். ஆயினும் அவள் முன்னிலையிலேயே பேதுரு தம்மை இழக்கிறார். பிறர் பார்வைக்கு அஞ்சுபவன் யாருடைய பார்வைக்கு அஞ்சுவது என்று தெரிந்தெடுப்பதில்லை; எந்தப் பார்வையும் அவனை ஆள வல்லது. பின்னர் அதே சுவிசேஷத்தின் இறுதியில், கடற்கரையில் மூட்டிய மற்றொரு கரிநெருப்பின் அருகில், உயிர்த்தெழுந்த ஆண்டவர் பேதுருவைச் சந்திக்கிறார். ஏன் மறுத்தாய் என்று அவர் கேட்கவில்லை. இனி மறுக்கமாட்டேன் என்ற உறுதிமொழியையும் வாங்கவில்லை. அன்பு உண்டோ என்று மும்முறை கேட்டு, மந்தையை அவர் கையில் ஒப்புவிக்கிறார். இழந்த அடையாளம் பேதுருவுக்கு மீண்டது அவரது உறுதியினால் அன்று. அவரை மீண்டும் பெயர் சொல்லி அழைத்தவரது உறுதியினாலேயே.

கற்றோர் உலகுக்கு மிக நெருங்கியவர் பவுல். பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதிய நிருபத்தில் அவர் தம் தகைமைகளை வரிசைப்படுத்துகிறார்: எட்டாம் நாள் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், பரிசேய மரபு, நியாயப்பிரமாணத்தில் குற்றமின்மை. இன்றைய மொழியிற் கூறின் பிறப்பு, குலம், கல்வி, ஒழுக்கம் ஆகியன. அவற்றையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, கிறிஸ்துவை அறிவதன் முன் அவற்றைக் குப்பையென எண்ணுவதாகக் கூறுகிறார். இதனை எழுதியவர் தேர்வில் தோற்றவர் அல்லர். எல்லாவற்றிலும் முதல் நிலையில் நின்றவர். ஆகவே இது எட்டாத பழத்தைப் புளிக்கும் என்றவன் கூற்றன்று.

விசுவாசத்தில் அடையாளம் காண்பது உள்ளத்துள் மட்டும் நிகழத்தக்க காரியமா என்பது அடுத்த வினா. ஆட்சியாளருட் பலர் இயேசுவை நம்பியும், தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கப்படுவர் என்றஞ்சி அதனை வெளியிடவில்லை என்றும், கடவுள் தரும் மகிமையினும் மனிதர் தரும் மகிமையையே அவர்கள் விரும்பினர் என்றும் யோவான் குறிப்பிடுகிறார். இதே நிலையில் இருந்த ஓர் அறிஞரைப் பற்றி அகுஸ்தீனார் தமது பாவ அறிக்கை நூலின் எட்டாம் பகுதியில் எழுதியுள்ளார். விக்ரோரீனு என்னும் அவ்வறிஞர் உரோமை நகரிற் சொற்கலை கற்பித்தவர். அவருக்குப் பொதுமன்றிலே சிலையும் எடுக்கப்பட்டிருந்தது. வேதநூல்களை ஆராய்ந்து நம்பிக்கை கொண்ட அவர், தாம் ஏற்கெனவே கிறிஸ்தவர் என்று சிம்பிளிசியானு என்னும் குருவிடம் தனிமையிற் கூறுவார். ஆலயத்திற் காணும்வரை நம்பமாட்டேன் என்பார் குரு. ஆலயச் சுவர்களா ஒருவனைக் கிறிஸ்தவனாக்குவன என்று அவர் நகைத்துத் தட்டிக்கழிப்பார். வாதத்தில் அவர் கூறியது சரியே. ஆயினும் தாம் அவ்வாறு வாதித்தது உண்மையின் பொருட்டன்று, உயர்குடி நண்பரின் ஏளனத்துக்கு அஞ்சியே என்பதைப் பின்னர் அவரே உணர்ந்தார். இரகசியமாக அறிக்கை செய்யும் சலுகை தரப்பட்டபோதும் அதை மறுத்து, மக்கள் முன்னிலையிலேயே தம் விசுவாசத்தை வெளியிட்டார். 362இல் யூலியன் என்னும் பேரரசன் கிறிஸ்தவர் சொற்கலை கற்பிக்கலாகாது எனத் தடைவிதித்தபோது பதவியையும் துறந்தார். இதனைக் கேட்ட அகுஸ்தீனாரும் மிலான் நகரிற் சொற்கலை ஆசிரியராகப் புகழோடு இருந்தவரே. 386இல் அவரும் அப்பதவியை விட்டு நீங்கினார்.

இதுவரை கூறியவற்றைக் கேட்பவர் ஒருவர், உலக மதிப்பு ஒருபுறமும் கிறிஸ்தவ விசுவாசம் மறுபுறமுமாக எப்போதும் எதிரெதிரே நின்றன என்று எண்ணக்கூடும். எமது நாட்டின் வரலாறு அவ்வளவு எளிய விடையைத் தருவதில்லை. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின், சீர்திருத்தச் சபையின் திருமுழுக்குப் பெற்றவர்க்கே உத்தியோகம் என்ற நிலை உருவாயிற்று. பிறப்பும் திருமணமும் பாடசாலைத் தோம்புகளிற் பதியப்பட்டன. பதிவில்லாத திருமணம் முதுசச் சிக்கலுக்கு இடமாயிற்று. மக்கள் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். வீட்டினுள் தம் முன்னோர் வழிபாட்டைத் தொடர்ந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்து அக்கட்டாயம் தளர்ந்ததும் அத்திரளிற் பெரும்பகுதி கலைந்தது. இவர்களை அரசாங்கக் கிறிஸ்தவர் எனப் பிற்காலத்தார் எள்ளினர். எள்ளுவதற்குரியவர் அவர்களா, அன்றி விசுவாசத்தை உத்தியோகச் சீட்டாக்கிய ஆட்சியாளரா என்பது வேறு வினா. எமக்கு வேண்டியது ஒன்றே: விசுவாசமும் உலக மதிப்புக்கான நாணயமாக மாற்றப்படலாம்.

1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினறியின் கதையும் இங்கு நினைக்கத்தக்கது. டானியல் பூவர் அதன் முதலாவது தலைவர். கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ் ஆகியவற்றில் அது அளித்த உயர்கல்விக்கு எம் தமிழுலகம் பெரிதும் கடமைப்பட்டுள்ளது. அங்கே பயின்ற மாணாக்கர் பலருக்கு, அவர்களின் கல்விச் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் இடப்பட்டன. சதாசிவம்பிள்ளை ஆணல்ட் ஆனார். விசுவநாதபிள்ளை கரோல் ஆனார். ஒருவன் தன் புதிய அடையாளத்தைக் கிறிஸ்துவிற் பெற்றான் எனில், முகமறியாத ஒரு தூரதேசத்தவரின் பெயரை அவன் ஏன் சுமத்தல் வேண்டும்? அப்பெயரிடலில் நன்றியும் இருந்தது. ஒருவகை உடைமையுணர்வும் இருந்தது. இருப்பினும் அந்த ஆணல்ட் சதாசிவம்பிள்ளையே 1886இற் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டுத் தமிழ்ப் புலவர் வரலாற்றைப் பேணினார் என்பதை மறத்தல் கூடாது. இடப்பட்ட பெயர் அவரைத் தமிழிலிருந்து பிரித்துவிடவில்லை. செமினறியோ 1855இல் மூடப்பட்டது. மாணாக்கர் ஆங்கிலக் கல்வியை உத்தியோகத்துக்கான ஏணியாகக் கொள்கின்றனர் என்பது, அமெரிக்காவிலிருந்து வந்த ரூபஸ் அன்டர்சன் தலைமையிலான குழுவினரின் குறைபாடுகளுள் முக்கியமானது. அக்குறைபாட்டில் உண்மையுண்டு. ஆனால் ஏணியை வைத்தவரும் அவர்களே என்பதிலும் உண்மையுண்டு.

அதே ஒல்லாந்தர் காலத்தில் மற்றொரு காட்சியையும் காண்கிறோம். கத்தோலிக்கக் குருமார் நாட்டுக்குள் வரலாகாது என்ற தடை நிலவியபோது, கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் கூலியாளின் கோலத்தில் இலங்கைக் கரையை அடைந்தார். கழுத்தில் செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சை ஏற்று, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அவர் கண்டறிந்தார் என்பர். சில்லாலையிலே தங்கி இராக்காலங்களில் அவர்களுக்குப் பணியாற்றினார். பின்னர் கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டும், 1711இல் இறக்கும்வரை அங்கிருந்தே தொண்டு செய்தார். 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பிலே அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். பிராமண குலத்திற் பிறந்த ஒருவர் கூலியாளாகவும் பிச்சைக்காரராகவும் தோன்றத் தயங்கவில்லை. விக்ரோரீனு ஒளித்ததும் அடிகளார் ஒளித்ததும் ஒன்றல்ல. முன்னவர் தம் மதிப்பைக் காக்க விசுவாசத்தை மறைத்தார். பின்னவர் விசுவாசத்தாரைக் காக்கத் தம் மதிப்பை மறைத்தார். ஆகவே ஒருவன் வெளிப்பட நிற்கிறானா, மறைவாக நிற்கிறானா என்பது மட்டும் அளவுகோலாகாது. எதனைக் கொடுத்து எதனைக் காக்கிறான் என்பதே அளவுகோல்.

இனி இக்கருத்துக்கு எதிரான தடைகள் சிலவற்றை நேர்மையோடு நோக்குதல் கடன். முதலாவது மார்க்சியரின் தடை. மனிதனின் சாரம் சமூக உறவுகளின் தொகுதியே என 1845இல் மார்க்ஸ் குறித்து வைத்தார். அவ்வாறாயின் உறவுகளைக் கழித்த பின் எஞ்சும் ஒரு தூய அடையாளம் என்பது வெறுங்கற்பனை. ஊரின் அநீதியை மாற்றாமல் ஊரின் மதிப்பை மட்டும் துறப்பது தப்பியோட்டம் என அவர்கள் கூறுவர். இத்தடையிற் பாதியை யான் ஏற்கின்றேன். ஊரும் மொழியும் உறவும் இன்றி யான் இல்லை. ஆனால் உறவுகளால் ஆனவன் என்பதும், உறவுகளின் தீர்ப்புக்கு அடங்கியவன் என்பதும் ஒன்றாகா. சமூகத்தின் மதிப்பன்றி வேறு நிலைக்களமில்லாத ஒருவன் அச்சமூகத்தின் அநீதியை எங்கிருந்து எதிர்ப்பான்? 1924இல் உருவான யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் இளைஞர் பாடசாலைகளில் சமாசனம் கோரியபோது தம் வீட்டாரின் வெறுப்பையே முதலில் தாங்க வேண்டியிருந்தது. ஊரின் மதிப்பை இழக்கத் துணிந்தவனே ஊரைத் திருத்தவும் துணிவான்.

இரண்டாவது தடை பிராய்டினுடையது. 1927இல் வெளியிட்ட நூலில் அவர் கடவுளைப் பெரிதாக்கப்பட்ட தந்தையென விளக்கினார். இதன்படி, ஊராரின் பாராட்டைத் துறந்து கடவுளின் பாராட்டை நாடுபவன் பாராட்டுப் பசியைத் துறக்கவில்லை. இன்னும் பெரியதொரு கொடையாளியைத் தேடிக்கொண்டான். இத்தடை என்னை நெடுநாள் வருத்தியது. தம் பக்தியை எண்ணி மகிழ்ந்து, பிறரை உலகத்தார் என இகழும் கிறிஸ்தவர் பலரை யாமறிவோம். அவர்கள் பிராய்டுக்கு நல்ல சான்றாவர். எனினும் சுவிசேஷம் கூறுவது பாராட்டை அன்று, ஏற்றலை. பாராட்டு தகுதியைப் பார்க்கும். ஆகவே அது மேலும் மேலும் வேண்டப்படும். ஏற்றல் தகுதிக்கு முந்தியது. ஆகவே அதனைப் பெற்றவன் பசி அடங்கி, தன்னை விட்டுப் பிறரை நோக்கத் தொடங்குவான். அவ்வாறு ஒருவன் பிறரை நோக்கத் தொடங்கவில்லை எனின், அவன் பெற்றது கடவுளின் ஏற்றலன்று, தன் கற்பனையின் பாராட்டே என்று பிராய்டுக்கு விட்டுக்கொடுக்கலாம்.

மூன்றாவது தடை மிக நுண்ணியது. விசுவாசத்தில் அடையாளம் கண்டவன் தன்னைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? எமக்கோ தெளிவில்லை, ஆகவே எமக்கு விசுவாசமில்லையோ? இதற்கு விடையாகத் தீத்திரிக் பொன்கோபரை நினைக்கின்றேன். ஜேர்மானியத் திருச்சபையிற் பெரும்பகுதி நாசி ஆட்சியின் தயவை நாடியபோது அதனை எதிர்த்து நின்ற இறையியலாளர் அவர். 1939இல் அமெரிக்காவுக்குச் சென்று பாதுகாப்பாக இருக்கும் வாய்ப்பிருந்தும், சில வாரங்களுள் தம் மக்களிடம் திரும்பினார். 1943இற் சிறையிடப்பட்டார். 1944இற் பேர்லின் தேகல் சிறையிலிருந்து, தாம் யார் என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்ட ஒரு கவிதை எழுதினார். காவலரும் உடன்கைதிகளும் தம்மை அமைதியும் உறுதியும் உடையவராகக் காண்பதையும், தாமோ உள்ளே அஞ்சியும் ஏங்கியும் களைத்தும் இருப்பதையும் அதில் அவர் எதிரெதிரே வைக்கிறார். இவ்விருவருள் தாம் எவர் என்பதை அவரால் தீர்மானிக்க முடியவில்லை. இறுதியில் அத்தீர்மானத்தையே கடவுளிடம் விட்டுவிடுகிறார். 1945 ஏப்ரில் 9ஆம் நாள் புளொசன்பேர்க் முகாமிலே தூக்கிலிடப்பட்டார்.

இதிலே ஓர் உண்மை விளங்குகிறது. ஊரார் தரும் தீர்ப்பு மட்டுமன்றி, தனக்குத்தானே தரும் தீர்ப்பும் இறுதியானதன்று. பிறர் கண்ணுக்குப் பதிலாகத் தன் கண்ணை வைப்பது விடுதலையாகாது. தன் கண்ணும் இரக்கமற்றதாக இருக்கலாம். தேர்வில் தோற்ற மாணவனை ஊரினும் கொடிதாக வதைப்பது பல வேளைகளில் அவனது சொந்த மனமே. யார் என்று தெரியாமலேயே யாருக்குரியவன் என்று தெரிந்திருத்தல், இதுவே விசுவாசம் தரும் அடையாளத்தின் இரண்டாவது இலக்கணம்.

இது கிறிஸ்தவருக்கே உரிய தனியுடைமை என்று யான் கூறேன். பல்லவ மன்னனின் அழைப்பு வந்தபோது தாம் எவருக்கும் குடியல்லர் என்று அஞ்சாது பாடிய திருநாவுக்கரசரை எம்முட் சைவ நண்பர் நன்கறிவர். இறைவனுக்கு ஆளான ஒருவர் வேந்தனுக்கு ஆளாகார் என்ற அத்துணிவைக் கேட்கும்போது, ஒரு கிறிஸ்தவனின் உள்ளமும் எழுந்து நிற்கிறது.

அப்படியாயின் ஒருவன் தன் அடையாளத்தை எங்கே வைத்துள்ளான் என்பதை எவ்வாறு அறிவது? மூன்று சோதனைகள் எனக்குத் தோன்றுகின்றன. பிறனது உயர்வைக் கேட்கும்போது தான் குறைந்ததாக உணராதிருத்தல் ஒன்று. தன் தவற்றை விளக்கம் கூறாது ஒப்புக்கொள்ள முடிதல் இரண்டாவது. தன் மதிப்பை எவ்வகையிலும் உயர்த்தாத ஒருவனோடு பலர் காணச் சேர்ந்து நிற்க முடிதல் மூன்றாவது. இம்மூன்றிலும் யான் சித்தியெய்தவில்லை என்பதை மாலையிட்ட அந்நாளே காட்டியது.

சென்ற விடுமுறையில் அந்த நண்பனைத் தேடிச் சென்றேன். மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையொன்றில் வேலை செய்கின்றான். கையெல்லாம் எண்ணெய். யான் வந்த காரணத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடிக்குமுன், "பெயில் விட்டவனுக்குக் கோயிலிலை என்ன மச்சான் வேலை?" என்று சிரித்தபடி கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, விலை விசாரிப்பவனைப் போலக் கேட்டான். அதற்கு என்னிடம் ஆயத்தமான விடைகள் இருந்தன. இக்கட்டுரையிற் கூறியவை யாவும் இருந்தன. ஒன்றையும் கூற முடியவில்லை. "அண்டைக்கு நான் உன்னைப் பாத்தும் பாக்காத மாதிரி நிண்டனான்" என்று மட்டும் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் ஒரு பழைய பெட்டியைக் காலால் தள்ளி, இரு என்றான். கடை பூட்டும்வரை அங்கே இருந்தேன்.

அவன் மீண்டும் ஆராதனைக்கு வருவானோ என்பது எனக்குத் தெரியாது. அது என் கையிலில்லை. ஆனால் தோற்றவன் கேட்ட அவ்வினாவுக்கு விடை கூற முடியாத திருச்சபை, பேதுருவைக் கரிநெருப்பருகே மீண்டும் அழைத்தவரின் பெயரைத் தாங்கத் தகுதியற்றது என்பது தெரியும். வென்றவனுக்கு மட்டும் பெயர் வழங்கும் பல்கலைக்கழகமும் அறிவின் இல்லமென்ற பெயருக்கு உரியதாகாது. நாம் எவர் முன்னிலையில் வாழ்கிறோம் என்பதே நாம் எவர் என்பதைத் தீர்மானிக்கிறது. ஊரார் முன்னிலையில் வாழ்பவன் ஊரார் கலையும்போது தானும் கலைந்து போகிறான். தன்னைத் தகுதி பாராது அழைத்தவர் முன்னிலையில் வாழ்பவனோ, பின்வரிசை வாங்கில் இருப்பவனுக்கு அருகில் சென்று அமரும் சுதந்திரத்தைப் பெறுகின்றான். அச்சுதந்திரம் எமக்கு வாய்க்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.